நாடி பார்ப்பதும் நோய் தேடுவதும்



உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கிற மனிதர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர்கள் இதயம் ஒழுங்காகத் துடிக்கிறதா என்று ஊர் ஊராகச் சோதித்துப் பார்க்கலாமா? பார்த்தால் எத்தனை பேருக்கு நன்மை? இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் இவ்வளவுதான்.

"பார்க்கலாமே, அதில் என்ன நஷ்டம்?" என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்காவது ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச இதயப் பரிசோதனை முகாம் நடக்கிறது. மாஸ்டர் ஹெல்த் செக்கப்பை அப்பா அம்மாவுக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கையில் கட்டுகிற கடிகாரம் ஈ.சி.ஜி. எடுக்கிறது. இத்தனைக்கும் அடியில் கிடப்பது அந்த "என்ன நஷ்டம்" என்கிற எண்ணம். அதைக் கொஞ்சம் நிறுத்தி விசாரிக்க வேண்டும் என்பது என் கட்சி. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சில நாடுகள் பெரும் பொருட்செலவில் விசாரித்தும் பார்த்துவிட்டன. வந்த விடை, போனபோது இருந்த உற்சாகத்துக்கு ஈடாக இல்லை.

முதலில் துடிப்பைப் பற்றிக் கொஞ்சம். சீரற்ற துடிப்பு என்று ஒரே நோய் கிடையாது. இளம் வயதில் மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதும் விடும்போது தணிவதும் இயல்பு. பலருக்கு நடுவில் ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வரும், அதற்கடுத்த இடைவெளி நீளும். "நெஞ்சுக்குள்ளே ஒன்று விட்டுப்போன மாதிரி இருக்குது டாக்டர்" என்பார்கள். இதயம் மற்றபடி நன்றாக இருந்தால் இதில் பெரும்பாலும் பயமில்லை. பயப்பட வேண்டியவற்றுள் மிகப் பரவலானது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் ஒன்றுசேர்ந்து சுருங்குவதை விட்டுவிட்டு, நிமிஷத்துக்கு 350 தடவைக்கும் மேலாகத் தாறுமாறாக நடுங்குகின்றன. அந்தத் தூண்டல்களில் சில மட்டும், அவையும் முறையில்லாமல், கீழறைகளுக்குப் போய்ச் சேருகின்றன. மணிக்கட்டில் விரல் வைத்தால் எந்தத் தாளக்கட்டும் பிடிபடாது. இனி இதை மேலறை நடுக்கம் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

நடுங்குவதால் இதயம் நின்றுபோய்விடாது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இடது மேலறையோடு ஒட்டிக்கொண்டு ஒரு சிறு பை உண்டு. மேலறை சரியாகச் சுருங்காதபோது அந்தப் பையில் ரத்தம் தேங்குகிறது. தேங்கிய ரத்தம் உறைந்து கட்டியாகிறது. கட்டி பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிராமிங்ஹாம் என்ற ஊர் மக்களை 1948 முதல் விடாமல் பின்தொடர்ந்து வந்த ஆய்வு, 1991இல் இதற்கு ஒரு கணக்குச் சொன்னது. மேலறை நடுக்கம் உள்ளவருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஐம்பதுகளில் இருப்பவர்களுக்கு நேரும் பக்கவாதங்களில் 1.5 சதவீதத்தை இதன் கணக்கில் எழுதலாம். எண்பதுகளில் அது 23.5 சதவீதம்.

இந்த நடுக்கம் உள்ள பலருக்கு ஒரு தொந்தரவும் தெரிவதில்லை. படபடப்பு இல்லை, மூச்சு வாங்கவில்லை. ஒரு நாள் காலையில் வாய் கோணி, கை விழுந்து, ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுக்கும்போதுதான் முதல் தடவையாக விஷயம் வெளிவரும். கையில் மருந்தும் இருக்கிறது. வார்ஃபரின் ஒழுங்காகச் சாப்பிட்டால் இவர்களுக்கு வரக்கூடிய பக்கவாதங்களில் மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது. 2009க்குப் பிறகு டபிகட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான் என்று அடிக்கடி ரத்தப் பரிசோதனை கேட்காத மாத்திரைகள் வந்தன. சத்தமில்லாத நோய், எளிய சோதனை, வேலை செய்கிற மருந்து. தேடிப் பிடிக்க இதைவிடத் தோதான நோய் வேறு இல்லை என்று இதயநோய் வல்லுநர்கள் நினைத்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இவ்விடத்தில் ஒரு பழைய மனிதரைப் பற்றிச் சொல்ல ஆசை. ஜேம்ஸ் மெக்கன்ஸி ஸ்காட்லாந்துக்காரர். இங்கிலாந்தின் பர்ன்லி என்ற பஞ்சாலை ஊரில் கால் நூற்றாண்டுக்கு மேல் சாதாரணக் குடும்ப மருத்துவராக இருந்தவர். ஆலைத் தொழிலாளிகளையும் அவர்கள் வீட்டுப் பெண்களையும் வருஷக்கணக்காகத் திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் அவருடைய ஆராய்ச்சிச் சாலை. கழுத்துச் சிரையின் துடிப்பையும் மணிக்கட்டுத் தமனியின் துடிப்பையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வரைகிற பாலிகிராஃப் என்ற கருவியை ஒரு கடிகாரக்காரரின் உதவியோடு செய்துகொண்டார். (இதயத் துடிப்புக்கும் கடிகாரக்காரர்களுக்கும் உள்ள உறவு ஆப்பிள் கம்பெனியோடு தொடங்கியதல்ல.) இதய வால்வு சுருங்கிய சில நோயாளிகளிடம் துடிப்பு நிலையாகத் தாறுமாறாகும்போது, கழுத்துச் சிரையில் மேலறை எழுப்ப வேண்டிய அலை மறைந்துபோவதை அவர் கண்டார். மேலறை செயலிழந்துவிட்டது என்று ஊகித்தார். நெதர்லாந்தில் ஐந்தோவன் கண்டுபிடித்த ஈ.சி.ஜி. கருவியைக் கொண்டு, லண்டனில் தாமஸ் லூயிஸ் 1909இல் அது செயலிழப்பல்ல, நடுக்கம் என்று காட்டினார். அதே ஆண்டில் வியன்னாவிலும் இதே முடிவுக்கு வந்தார்கள்.

ஆனால் மெக்கன்ஸியின் பெரிய உபகாரம் வேறு. அவர் காலத்தில் நாடி ஒழுங்கில்லை என்று எந்த மருத்துவர் சொன்னாலும் அந்த மனிதர் இதய நோயாளி. படுக்கை, பத்தியம், வேலைக்குப் போகக் கூடாது. மெக்கன்ஸி அப்படிப்பட்டவர்களை ஆண்டாண்டுகளாகப் பின்தொடர்ந்து, எந்த ஒழுங்கின்மை ஆளைச் சாய்க்கிறது, எது ஒன்றும் செய்வதில்லை என்று பிரித்தெடுத்தார். இளையோரின் மூச்சோடு மாறும் துடிப்பும், முந்தி வரும் ஒற்றைத் துடிப்பும் தம்மளவில் தீங்கற்றவை என்று 1902இல் வந்த அவருடைய நாடி பற்றிய நூலிலும் பின்னும் வற்புறுத்தினார். எத்தனையோ பேரைக் கட்டிலிலிருந்து எழுப்பிவிட்டார். ஒழுங்கின்மையைப் பார்ப்பது சுலபம், அதற்கு என்ன அர்த்தம் என்று அறியக் காத்திருந்து பின்தொடர வேண்டும் என்பது அவர் வழி.

அந்த வழியை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1980களின் கதை ஒன்று இருக்கிறது. மருத்துவ மாணவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மாரடைப்பு வந்து பிழைத்தவர்களில், கீழறையிலிருந்து முந்தி வரும் துடிப்புகள் அதிகம் உள்ளவர்களே பின்னால் திடீர் மரணம் அடைகிறார்கள் என்பது தெரிந்திருந்தது. அப்படியானால் அந்தத் துடிப்புகளை மாத்திரையால் அடக்கிவிட்டால் உயிர் பிழைக்கும் அல்லவா? எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. என்கைனைட், ஃபிளெக்கைனைட் என்ற இரண்டு மருந்துகள் அந்தத் துடிப்புகளைச் சுத்தமாகத் துடைத்துவிடும். மருத்துவர்கள் எழுதிக் கொடுத்துக்கொண்டும் இருந்தார்கள். காஸ்ட் என்று சுருக்கப் பெயர் பெற்ற ஆய்வு அதைச் சோதித்தது. மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர். ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. ஈ.சி.ஜி. தாளில் கோடு அழகாகிவிட்டது, ஆள் இல்லை.

ஆக, கண்டுபிடிப்பது ஒரு வேலை, அதனால் நன்மை விளைவது தனி விஷயம். இதை 1968லேயே உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் பத்து விதிகளாக எழுதிவைத்தார்கள். நோய் முக்கியமானதாக இருக்க வேண்டும், நோயின் போக்கு தெரிந்திருக்க வேண்டும், ஒப்புக்கொள்ளப்பட்ட சிகிச்சை இருக்க வேண்டும், யாருக்குச் சிகிச்சை என்பதில் தெளிவு இருக்க வேண்டும் என்று போகும் அது. மேலறை நடுக்கம் முதல் விதியில் எளிதாகத் தேறிவிடும். "போக்கு தெரிந்திருக்க வேண்டும்", "யாருக்குச் சிகிச்சை" என்கிற இரண்டில்தான் சிக்கிக்கொள்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. கற்பனைக் கணக்குதான், கையில் காகிதம் இருந்தால் போட்டுப் பாருங்கள். ஒரு சோதனை நூறு நோயாளிகளில் 95 பேரைப் பிடிக்கும், நோயில்லாத நூறு பேரில் 95 பேரைச் சரியாக விட்டுவிடும் என்று வைத்துக்கொள்வோம். நல்ல சோதனை என்றுதானே சொல்வோம்? ஆயிரம் முதியவர்களில் 20 பேருக்கு நோய் இருந்தால், 19 பேரைப் பிடிக்கும். நோயில்லாத 980 பேரில் 49 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். அகப்பட்ட 68 பேரில் மூன்றில் ஒரு பங்குகூட நோயாளி இல்லை. இதே சோதனையை ஆயிரத்தில் ஒருவருக்கே நோய் உள்ள இளைஞர்களிடம் செய்தால், உண்மையான அந்த ஒருவரோடு ஐம்பது பேர் சும்மா மாட்டுவார்கள். கருவியில் பழுதில்லை, தேடுகிற இடம் சரியில்லை.

இனி சுவீடன். தலைநகர் ஸ்டாக்ஹோம் வட்டாரத்திலும் மேற்குக் கடலோர ஹாலண்ட் மாகாணத்திலும் 75, 76 வயதான 28,768 பேரின் பெயர்களைப் பதிவேட்டிலிருந்து எடுத்து, சீட்டுப் போட்டுப் பிரிப்பதுபோல் இரண்டு கூட்டமாக்கினார்கள். 2012இல் தொடங்கிய இந்த ஆய்வுக்கு ஸ்ட்ரோக்ஸ்டாப் என்று பெயர். ஒரு கூட்டத்துக்கு அழைப்புக் கடிதம் போயிற்று. மற்றதை அதன் வழியில் விட்டுவிட்டார்கள். வந்தவர்களிடம் ஒரு சிறு கருவியைக் கொடுத்து, இரண்டு கட்டைவிரல்களையும் அதன்மேல் வைத்து, காலையும் மாலையும் அரை நிமிஷம், இரண்டு வாரத்துக்கு ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். முதல் நாள் எடுத்த ஈ.சி.ஜி.யில் புதிதாக நடுக்கம் தெரிந்தவர்கள் 0.5 சதவீதம். இரண்டு வாரமும் பார்த்தபோது அது 3 சதவீதம் ஆயிற்று. புதிதாக அகப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மருந்து சாப்பிட ஒப்புக்கொண்டார்கள். இதைவிட ஒழுங்காக ஒரு பரிசோதனைத் திட்டத்தை நடத்துவது கடினம்.

முடிவு 2021இல் லான்செட் இதழில் வந்தது. சராசரி 6.9 ஆண்டுகள் பின்தொடர்ந்திருந்தார்கள். பக்கவாதம், வேறு உறுப்புகளில் ரத்தக்கட்டி அடைப்பது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற அளவு ரத்தக்கசிவு, மரணம் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினார்கள். அழைக்கப்பட்ட கூட்டத்தில் 31.9 சதவீதம், அழைக்கப்படாத கூட்டத்தில் 33 சதவீதம். நன்மை உண்டு. புள்ளியியல் கண்ணுக்கு மயிரிழையில் தேறுகிற நன்மை.

இந்த ஆய்வின் ஓரங்களில் கிடக்கிற இரண்டு செய்திகளே எனக்கு அதன் நடுவைவிட முக்கியமாகப் படுகின்றன. முதலாவது, அழைப்புக் கிடைத்தவர்களில் வந்தவர்கள் 51 சதவீதம்தான். வராதவர்கள் பெரும்பாலும் வருமானம் குறைந்தவர்கள், உடல்நிலை மோசமானவர்கள். எல்லாருக்கும் மருத்துவம் என்று பெயர்பெற்ற சுவீடனிலேயே, யாருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு அதிகமோ அவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். பரிசோதனை முகாம் நடத்துகிறவர்கள் வரிசையில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம். வரிசையில் நிற்காதவரைப் பார்க்க நமக்கு ஜன்னல் கிடையாது. இரண்டாவது, வந்தவர்களில் 2.1 சதவீதம் பேருக்கு மேலறை நடுக்கம் இருப்பது முன்பே தெரிந்திருந்தது, ஆனால் மருந்து சாப்பிடவில்லை. யோசித்துப் பாருங்கள். இரண்டு வாரம் கருவி கொடுத்துப் புதிதாகக் கண்டுபிடித்தது மூன்று பேர் என்றால், கேஸ் ஷீட்டைப் புரட்டியிருந்தாலே கிடைத்திருக்கக்கூடியவர்கள் இரண்டு பேர். கேஸ் ஷீட்டைப் புரட்டுவதற்கு ரிப்பன் வெட்டி யாரும் திறப்புவிழா நடத்துவதில்லை.

பக்கத்து நாடான டென்மார்க் இன்னொரு படி போயிற்று. இரண்டு வாரம் போதவில்லையோ, அரை நிமிஷம் போதவில்லையோ என்ற சந்தேகத்துக்கு இடமில்லாமல், நெஞ்சுத் தோலுக்கு அடியில் ஒரு சிறு பதிவுக் கருவியையே வைத்துவிட்டார்கள். லூப் என்ற இந்த ஆய்வில் 70 முதல் 90 வயது வரையிலான 6,004 பேர். எல்லாருக்கும் ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயத் தளர்ச்சி, முன்பு வந்த பக்கவாதம் ஆகியவற்றுள் ஒன்றாவது உண்டு. 1,501 பேருக்குக் கருவி வைத்தார்கள். இரவு பகலாக அது பார்த்துக்கொண்டிருந்தது. 6 நிமிஷத்துக்கு மேல் நடுக்கம் நீடித்தால் மருந்து தொடங்கப் பரிந்துரை. கருவி வைத்தவர்களில் 31.8 சதவீதம் பேருக்கு நடுக்கம் தென்பட்டது, வைக்காதவர்களில் 12.2 சதவீதம். கிட்டத்தட்ட மும்மடங்கு பேரைப் பிடித்தாயிற்று, மருந்து சாப்பிடுகிறவர்களும் இரு மடங்குக்கு மேல் ஆனார்கள். பக்கவாதமோ வேறிடத்து அடைப்போ வந்தவர்கள்? கருவிக் கூட்டத்தில் 4.5 சதவீதம், மற்றதில் 5.6 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாக வந்ததாகவும் இருக்கலாம் என்பதே புள்ளியியல் தீர்ப்பு. பெரிய ரத்தக்கசிவு 4.3க்கு 3.5 என்று கருவிக் கூட்டத்தில் சற்று அதிகம். அதுவும் உறுதியான வித்தியாசம் இல்லை.

மும்மடங்கு கண்டுபிடித்தும் பக்கவாதம் ஏன் அதற்கேற்பக் குறையவில்லை? வலையின் கண் சிறுக்கச் சிறுக்க அகப்படுகிற மீனும் சிறுத்துக்கொண்டே போகிறது. ஃபிராமிங்ஹாமில் ஐந்து மடங்கு ஆபத்து என்று கணக்கிட்டது சாதாரண ஈ.சி.ஜி.யில் அகப்பட்ட நடுக்கத்தைப் பார்த்து. பத்து விநாடி எடுக்கிற ஈ.சி.ஜி.யில் ஒருவருக்கு நடுக்கம் அகப்படுகிறது என்றால், அவருக்கு அது நாளெல்லாம் இருக்கிறது, அல்லது அடிக்கடி வருகிறது என்றே பொருள். வருஷத்தில் ஓர் இரவு ஏழு நிமிஷம் வந்துபோகிற நடுக்கம் அந்த ஈ.சி.ஜி.யில் ஒருநாளும் மாட்டாது. தோலுக்கடியில் இருக்கிற கருவியில் மாட்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து, ஒரே ஆபத்தைச் சொல்லி, ஒரே மாத்திரையை எழுதுகிறோம். வில்சனும் யுங்னரும் கேட்ட "நோயின் போக்கு தெரியுமா" என்ற கேள்விக்கு, சிறு நடுக்கத்தைப் பொறுத்தவரை, லூப் வருகிறவரை யாரிடமும் நல்ல பதில் இல்லை.

2023இல் இரண்டு ஆய்வுகள் அதற்கு நேராகவே முகம் கொடுத்தன. பேஸ்மேக்கர் போன்ற கருவி உள்ளவர்களிடம், கருவி மட்டுமே கண்ட சிறு நடுக்கங்களுக்கு மருந்து கொடுத்தால் பலன் உண்டா என்று பார்த்தன. நோவா என்ற ஜெர்மன் முயற்சியில் எடோக்சபான் கொடுத்தார்கள். பலன் தெளிவாக இல்லை, ரத்தக்கசிவு கூடியது, முன்னதாகவே நிறுத்தினார்கள். அந்த ஆய்வில் மருந்து சாப்பிடாதவர்களுக்கே பக்கவாதம் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருந்தது. குறைக்க அங்கே அதிகம் இல்லை. ஆர்டீசியா என்ற மற்றதில் 4,012 பேர். ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதமும் அடைப்பும் ஆண்டுக்கு 1.24 சதவீதம், அபிக்சபான் சாப்பிட்டவர்களுக்கு 0.78. பெரிய ரத்தக்கசிவு 0.94லிருந்து 1.71 ஆக ஏறிற்று. ஆயிரம் பேர் ஓராண்டு சாப்பிட்டால் நாலைந்து பக்கவாதம் தவிரும், ஏழெட்டு பெரிய ரத்தக்கசிவு கூடும். வயிற்றில் கசிகிற ரத்தத்தை நிறுத்திவிடலாம், விழுந்த கை திரும்ப எழுவது அரிது, அதனால் மருந்தே மேல் என்று வாதிடுகிற நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த வாதம் ஒரு நோயாளியும் மருத்துவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டியது. லட்சக்கணக்கானவர்களுக்குக் கடிதம் போட்டுக் கூப்பிடுவதற்கான ஆதாரம் அதில் இல்லை.

அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2022 ஜனவரியில், 50 வயதுக்கு மேற்பட்ட, தொந்தரவு இல்லாதவர்களை மேலறை நடுக்கத்துக்காகச் சோதிப்பதைப் பற்றி ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல ஆதாரம் போதாது என்றது. பிரிட்டனின் தேசியக் குழுவும் நாடு தழுவிய திட்டத்தைப் பரிந்துரைக்கவில்லை. ஐரோப்பிய இதயவியல் கழகம் 2020இல் இன்னும் சற்று தாராளமாக இருந்தது. 65 வயதைத் தாண்டியவர்கள் வேறு எதற்காகவோ மருத்துவரிடம் வரும்போது நாடியைப் பிடித்தோ ஈ.சி.ஜி. எடுத்தோ பார்த்துவிடுங்கள் என்றது. இதற்குப் பின்னால் சேஃப் என்ற ஓர் இங்கிலாந்து ஆய்வு இருக்கிறது. 2007இல் வெளிவந்தது. 50 மருத்துவ மையங்கள், 65க்கு மேற்பட்ட ஏறத்தாழ 15,000 பேர். எல்லாரையும் அழைத்து ஈ.சி.ஜி. எடுப்பது ஒரு முறை. வருகிறவர்களின் நாடியைப் பிடித்துப் பார்த்து, ஒழுங்கில்லாதவர்களுக்கு மட்டும் ஈ.சி.ஜி. எடுப்பது இன்னொரு முறை. ஆண்டுக்குப் புதிதாகக் கண்டறிந்தது முதல் முறையில் 1.62 சதவீதம், இரண்டாவதில் 1.64. மூன்று விரல்கள் இயந்திரத்துக்குத் தோற்கவில்லை.

கைக்கடிகாரத்தைப் பற்றிக் கேட்பீர்கள். ஆப்பிள் நிறுவனத்தின் செலவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வில் 4,19,297 பேர் சேர்ந்தார்கள். துடிப்பு சீரற்றது என்று எச்சரிக்கை பெற்றவர்கள் 2,161 பேர், அதாவது 0.52 சதவீதம். அவர்களுக்கு மார்பில் ஒட்டுகிற ஈ.சி.ஜி. பட்டையை அனுப்பி, திரும்பி வந்த 450 பட்டைகளைப் பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கில் மேலறை நடுக்கம் இருந்தது. கடிகாரம் பொய் சொல்கிறது என்று இதற்குப் பொருளில்லை, நடுக்கம் வந்துபோகிற சுபாவம் உள்ளது. ஆனால் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் நாற்பது வயதுகூட ஆகாதவர்கள். நான் சற்று முன் போட்ட கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கடிகாரம் வாங்க வசதியுள்ள முப்பது வயதுக்காரரின் துடிப்பை ராப்பகலாகக் காவல் காக்கிறோம். எழுபத்தெட்டு வயதில் ரத்த அழுத்தத்தோடும் சர்க்கரையோடும் இருக்கிற அவருடைய பாட்டியின் கையில் கடிகாரம் கிடையாது. எச்சரிக்கை வந்தவர் மருத்துவரிடம் போய் ஒரு முழு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது சரி. தானாக ஆஸ்பிரின் வாங்கிப் போட்டுக்கொள்வது சரியில்லை. மேலறை நடுக்கத்துக்கு அது மருந்தே அல்ல.

இதுவரை சொன்னதெல்லாம் பெரும்பாலும் மேலை நாட்டவர்களைப் பற்றியது. அந்த முடிவுகளை அப்படியே பெயர்த்து இங்கே நட முடியாததற்கு ஒரு பெரிய காரணம் உண்டு. சிறு வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சல் இதயத்தின் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிடுகிறது. மேலை நாடுகளில் அநேகமாக ஒழிந்துபோன இந்த நோய் இந்தியாவில் ஒழியவில்லை. இப்படி வால்வு சுருங்கியவர்களுக்கு மேலறை நடுக்கம் வந்தால் ரத்தக்கட்டி ஆபத்து மிக அதிகம். இந்தியாவும் சேர்ந்த 24 நாடுகளில் நடந்து 2022இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வு இவர்களைப் பற்றியதுதான். சேர்ந்தவர்களின் சராசரி வயது 50ஐ ஒட்டி. பத்தில் ஏழு பேர் பெண்கள். புதிய மருந்தான ரிவரோக்சபானைவிடப் பழைய வார்ஃபரின் வகை மருந்தே மேல் என்று அது காட்டியது. ஏறத்தாழ சமமான இரு பிரிவுகளில் இறந்தவர்கள் புதிய மருந்தில் 552 பேர், பழையதில் 442 பேர். எல்லாரும் எதிர்பார்த்ததற்கு நேர் எதிர்.

இதன் விளைவைப் பாருங்கள். ஒரு முகாமில் ஐம்பது வயதுப் பெண்ணுக்குக் கைக்கருவியில் நடுக்கம் தெரிகிறது. "பரிசோதனை கேட்காத நல்ல மாத்திரை" என்று புதியதை எழுதி அனுப்பிவிட்டால், எக்கோ எடுத்து வால்வைப் பார்க்காத ஒரே காரணத்தால், அவருக்குத் தவறான மருந்தைக் கொடுத்திருப்போம். சரியான மருந்து வார்ஃபரின். அதற்கு ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்து, எண் 2க்கும் 3க்கும் நடுவில் நிற்கும்படி மாத்திரையைக் கூட்டிக் குறைக்க வேண்டும். ஒரு நாள் கீரையை அள்ளிச் சாப்பிட்டு மறுவாரம் தொடாமல் இருந்தாலே அது ஆடும். அந்தப் பரிசோதனைக்காக ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள் உண்டு. முகாமில் நடுக்கத்தைக் கண்டுபிடிப்பது அரை நிமிஷம், அதற்குப் பிறகு நடக்க வேண்டியது ஆயுள் முழுக்க.

இந்தப் பெண்களுக்கு உண்மையான தடுப்பு அறுபத்தைந்தாவது வயதில் இல்லை. பள்ளிக்கூட வயதில் தொண்டைப் புண்ணைக் கவனிப்பதிலும், வாதக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசியைத் தவறாமல் போடுவதிலும் இருக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வருகிற நாற்பத்தைந்து வயதுக்காரரின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்பதற்கு ஸ்க்ரீனிங் என்று பெயரில்லை. அது சாதாரண மருத்துவம். அதைச் செய்யாமல் விட்டுவிட்டு முகாம் போடுவதை நான் ஏற்கவில்லை.

நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். சுவீடனின் கடிதத்துக்கு வராத பாதிப்பேரின் வீட்டு வாசல் அவர்களுக்குத் தெரியும். இதைவிடச் சாதகமான ஏற்பாடு ஐரோப்பாவிலேயே பல நாடுகளில் இல்லை. பி.பி. மிஷின் எண்ணைக் காட்டிவிடுவதால் மருத்துவர்களாகிய எங்கள் விரலே இப்போது மணிக்கட்டுக்குப் போவதில்லை என்பது வேறு கதை. பட்டையைக் கட்டியிருக்கிற நேரத்திலேயே, அறுபத்தைந்தைத் தாண்டியவருக்கு அரை நிமிஷம் நாடியைப் பிடித்துப் பார்க்கலாம். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2013இல் பரிந்துரைத்ததுபோல், அழுத்தம் பார்க்கும்போதே துடிப்பின் ஒழுங்கையும் சொல்கிற மிஷினும் இருக்கிறது. அட்டையில் "நாடி சீராக உள்ளதா?" என்று ஒரு கட்டம் சேர்த்தால் போதும்.

ஆனால் அந்தக் கட்டத்தில் "இல்லை" என்று எழுதப்பட்டவருக்கு அந்த வாரத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்து, அதைப் படித்துச் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். எக்கோவுக்கு அனுப்ப ஓர் இடமும், ஐ.என்.ஆர். பார்க்கப் பக்கத்திலேயே ஒரு லேபும், மாத்திரை தீர்ந்துபோகாத மருந்தகமும் வேண்டும். ஏற்கெனவே நடுக்கம் தெரிந்தும் மருந்து இல்லாமல் இருப்பவர்களின் பட்டியலை முதலில் எடுத்து, அவர்களை வைத்து இந்த ஏற்பாடு ஓடுகிறதா என்று ஒரு வட்டாரத்தில் நடத்திப் பார்க்கலாம். ஓடினால் கட்டத்தைச் சேருங்கள். ஓடாத வட்டாரத்தில் அதை அச்சடிக்க வேண்டாம் என்றே சொல்வேன்.